குழாய் தந்த வள்ளல்களுக்கு வாழ்த்து

நீர் மேலாண்மைப் பெருமக்களே! காஞ்சிபுரம் மாவட்டத்துத் தாமல் ஏரிக்குக் கீழே நெல் நடுகிறவர்கள் சார்பில் உங்களுக்கு ஒரு வாழ்த்து. ஏதோ சோற்றுக்குப் பயிர் வைக்கிறோம் என்றுதான் இத்தனை தலைமுறையாக நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். பூமியைச் சூடேற்றிக்கொண்டிருக்கிறோம் என்பது நீங்கள் சொல்லித்தான் தெரிந்தது. நேற்றுவரை எந்த அலுவலகத்துக்குப் போனாலும் எங்களுக்கு உட்கார ஒரு நாற்காலி கிடைத்ததில்லை. இன்று கிளாஸ்கோவிலும் துபாயிலும் கூடுகிற உலக மாநாடுகளில் எங்கள் சேற்றைப் பற்றிப் பேசுகிறார்கள். மனிதர்கள் காற்றில் கலக்கும் மீத்தேனில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு நெல் வயல்களிலிருந்து போகிறதாம். காலில் செருப்பில்லாதவனை உலகத்தின் தட்பவெப்பத்துக்கே பொறுப்பாளி ஆக்கிய பெருமனம் வேறு யாருக்கு வரும்?

உங்கள் விஞ்ஞானத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வயலில் தண்ணீர் தேங்கினால் சில நாட்களிலேயே மண்ணிலிருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் மட்டுமே பிழைக்கத் தெரிந்த நுண்ணுயிர்கள், அழுகும் தழையையும் அடிக்கட்டையையும் தின்று மீத்தேனை விடுகின்றன. வேருக்குக் காற்றைக் கொண்டுபோவதற்காக நெற்பயிர் தன் தண்டுக்குள் வைத்திருக்கும் துளைகள் வழியாகவே அந்த வாயுவில் பெரும்பகுதி மேலேறி வெளியே வந்துவிடுகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் ஒரு கிலோ மீத்தேன் 28 கிலோ கார்பன் டை ஆக்சைடு அளவுக்குச் சூட்டைப் பிடித்துவைக்கும். இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் 80 கிலோ அளவுக்கு. இத்தனையும் கண்டறிந்த பிறகும் நீங்கள் கோபப்படவில்லை. நெல்லை விட்டுவிடு என்று சொல்லவில்லை. ஒரு குழாய் கொடுத்தீர்கள்.

அந்தக் குழாயின் அருமையை அறியாதவர்களுக்காக இரண்டு வரி. ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் நீளமுள்ள பிவிசி குழாய். கீழ்ப்பாதி முழுக்கத் துளைகள். பாதியை வயலில் புதைத்து உள்ளேயிருக்கும் மண்ணை அள்ளிவிட்டால், நிலத்துக்கடியில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று குனிந்து பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். மட்டம் 15 சென்டிமீட்டர் இறங்கும்வரை மறுபடி பாய்ச்ச வேண்டாம். கதிர் வந்து பூக்கும் சமயத்தில் மட்டும் தண்ணீர் கட்டினால் போதும். பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் வகுத்துத் தந்த முறை இது. சரியாகச் செய்தால் பாசன நீரில் 30 சதவீதம் வரை மிச்சமாகும், மீத்தேன் பாதிக்குப் பாதிகூடக் குறையும், விளைச்சல் குறையாது. எங்கள் தாத்தாக்கள் இதையே காய்ச்சலும் பாய்ச்சலும் என்று சொல்லிக் குழாய் இல்லாமல் செய்துவந்தார்கள். காலால் சேற்றை மிதித்து, வெடிப்பின் வாயைப் பார்த்து மடை திறந்தார்கள். பாவம், அவர்களுக்கு அதை ஒரு திட்ட அறிக்கையாக எழுதத் தெரியவில்லை. அந்தக் குறையை நீங்கள்தான் தீர்த்துவைத்தீர்கள்.

அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது வந்த ஔவை அவன் படைக்கலக் கொட்டிலைப் புகழ்ந்த கதை புறநானூற்றில் இருக்கிறது. பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசி, காவல் மிகுந்த மாளிகையில் இருந்தன தொண்டைமானின் வேல்கள். அதியமானுடையவையோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடந்தன. அந்தத் தொண்டை நாட்டில்தான் நாங்களும் இருக்கிறோம். இன்றைக்கு ஔவை வந்தால் மாதிரித் திடலில் நிற்கும் உங்கள் குழாய்களைப் பார்த்து மெய்ம்மறந்து நிற்பாள். ஒரு கீறல் கிடையாது. சேறு பட்ட அடையாளம் கிடையாது. பக்கத்தில் பெயர்ப்பலகை, எதிரே புகைப்படக்காரர். எங்கள் மோட்டாரோ காயில் கருகி ரீவைண்டிங் கடையில் கிடக்கிறது.

மோட்டார் என்றதும் உங்கள் கொடைத்திறனைச் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவர்கள் ஆவோம். 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் பம்ப்செட் மின்சாரத்தை இலவசமாக்கிய மாநிலம் இது. முல்லைக்குத் தேர் கொடுத்த பாரிகூட, தேர் எந்த நேரத்தில் ஓடும் என்பதைத் தன் கையில் வைத்துக்கொள்ளவில்லை. நீங்கள் அதிலும் கவனமாக இருந்தீர்கள். மும்முனை மின்சாரம் முறை வைத்து வருகிறது. ஒரு வாரம் பகலில் வந்தால் இன்னொரு வாரம் ஊர் உறங்கிய பிறகு. ராத்திரியில் பாம்புக்குப் பயந்துகொண்டு டார்ச்சோடு வரப்பில் நடப்பதைவிட, மோட்டாருக்கு ஓர் ஆட்டோ ஸ்டார்ட்டரை மாட்டிவிட்டுப் படுத்துக்கொள்வது புத்திசாலித்தனம். கரண்ட் வரும், மோட்டார் ஓடும், வயல் நிரம்பும், விடியற்காலையில் வரப்பு வழிந்துகொண்டிருக்கும். நாளைக்கு ட்ரான்ஸ்பார்மர் இருக்குமோ எரிந்துபோகுமோ என்று தெரியாதவன், இன்றைக்குக் கிடைத்த தண்ணீரை வயலிலேதான் சேர்த்துவைப்பான். வேறு எந்த வங்கியில் அதைப் போட முடியும்?

ஒரு பெரியவரிடம் குழாயைக் காட்டி, இதைப் பார்த்துப் பாய்ச்சலாமே என்று கேட்டபோது அவர் சொன்னார்: "கரெண்டு வரும்போதுதான சார் தண்ணி வுட முடியும்? கொழாய் கேக்கறப்போ கரெண்டு வருமா?" அவருக்கு நீர் மேலாண்மை புரியவில்லை என்று நீங்கள் குறித்துக்கொள்ளலாம். விழிப்புணர்வு முகாம் ஒன்று நடத்த அது போதுமான காரணம்.

தண்ணீர் கட்டுவதற்கு எங்களிடம் இன்னொரு காரணமும் இருக்கிறது. நின்ற தண்ணீரில் களை அவ்வளவாக முளைக்காது. முன்பு களை பறிக்க ஆள் இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளை இப்போது ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. அது நல்ல காரியம்தான். யாரும் அவர்களைத் திரும்பச் சேற்றுக்குக் கூப்பிடவில்லை. ஆனால் வயலைக் காயவிட்டால் முளைக்கிற கோரையைப் பிடுங்கக் கூலி யார் தருவது என்று உங்கள் கையேட்டில் எந்தப் பக்கத்திலும் இல்லை. கோனோ வீடர் என்ற களைக்கருவியை உருட்டு என்று போட்டிருக்கிறது. படத்தில் அதை உருட்டுகிறவர் சிரித்த முகத்தோடு இருக்கிறார். அரை ஏக்கர் உருட்டிய பிறகு எடுத்த படமாக அது இருக்காது.

யூரியாவில் நீங்கள் காட்டும் தாராளம் தனி அத்தியாயம். 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. உலகச் சந்தையில் விலை எங்கெங்கோ ஏறி இறங்கினாலும் எங்களுக்கு அது அசைவதில்லை. வயலைக் காயவிட்டு நனைக்கும்போது மீத்தேன் குறைகிறது. ஆனால் யூரியாவை அள்ளிப் போட்ட மண் காய்ந்து நனைந்தால் நைட்ரஸ் ஆக்சைடு கூடுகிறது. அந்த வாயு கார்பன் டை ஆக்சைடைப் போல 265 மடங்கு வீரியமுள்ளது. மூட்டையின் விலையும் வாயுவின் வீரியமும் ஏறக்குறைய ஒரே எண்ணில் வந்து நிற்கும்படி திட்டமிட்ட நேர்த்தியை என்னவென்று புகழ்வது! உரத்தை அளந்து போடு, இலை வண்ண அட்டையைப் பார்த்துப் போடு என்று சொல்ல வேண்டிய விரிவாக்க அலுவலருக்கு எத்தனையோ கிராமங்கள், எத்தனையோ செயலிகள். அவர் எங்கள் வயலுக்கு வருவதற்குள் பயிர் தூர் கட்டி முடித்திருக்கும்.

காலமறிந்து உதவுவதிலும் உங்களை மிஞ்ச முடியாது. எங்களுக்கு மூன்று போகம்: சொர்ணவாரி, சம்பா, நவரை. சம்பாவின் நடுவில் வடகிழக்குப் பருவமழை. கார்த்திகையில் தாழ்ந்த வயலெல்லாம் ஏரியோடு ஏரியாகக் கிடக்கும்போது, 15 சென்டிமீட்டர் கீழே இறங்கச் சொன்னால் தண்ணீர் எங்கே இறங்கும்? குழாயே முழுகிக் கிடக்கும். அது உண்மையிலேயே உதவக்கூடியது நவரையிலும் சொர்ணவாரியிலும்தான். அதாவது ஏரி வற்றி, போர்வெல்லை நம்பிப் பயிர் நிற்கிற மாதங்களில். அப்போதோ பேச்செல்லாம் மறுபடி கரண்ட்டில் போய் முடிகிறது.

இதையெல்லாம் தாண்டி, உங்கள் சாதனைகளின் சிகரம் ஏரி. தாமல் ஏரி இந்த மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று. அந்த ஏரி மதகு வழியாகப் பாசனம் நடந்த நாளில், தண்ணீர் குறைந்த ஆண்டென்றால் ஊர் கூடி முறை வைக்கும். இன்றைக்கு மேல்மடை, நாளைக்குக் கடைமடை என்று மதகைப் பார்த்துக்கொள்ளும் நீர்க்கட்டி திறந்துவிடுவார். தன் முறை வரும்வரை ஒவ்வொருவர் வயலும் காயும். முறை வந்ததும் நனையும். ஒரு ஆயக்கட்டு முழுவதற்கும் ஒரே குழாய்தான் இருந்தது, அது மதகு. தனியாள் ஒருவன் மனம் வைத்துச் செய்ய வேண்டியதில்லை, ஊர்க்கட்டுப்பாடே செய்துவைத்தது. பிறகு வரத்துக் கால்வாய் தூர்ந்தது. பாலாற்றில் மணலை அள்ளியவர்கள் வெள்ளம் வந்தாலும் கால்வாய்க்குத் தண்ணீர் ஏறாத அளவுக்கு ஆற்றைப் பள்ளமாக்கினார்கள். ஏரியை நம்ப முடியாதவன் ஆளுக்கொரு போர் போட்டான். முறை போனது, நீர்க்கட்டி போனார், அவரவர் மோட்டார், அவரவர் வெள்ளம். ஊரே சேர்ந்து சிக்கனமாக இருந்த ஓர் ஏற்பாட்டை, தனித்தனியாகத் தாராளமாக இருக்கும் ஏற்பாடாக மாற்ற எத்தனை ஆண்டுக் கவனிப்பின்மை தேவைப்பட்டிருக்கும்! அந்த உழைப்பை யாரும் பாராட்டுவதில்லையே என்றுதான் எங்களுக்கு வருத்தம்.

பழம்பெருமையை நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்றும் சொல்ல முடியாது. உத்திரமேரூர் எங்கள் மாவட்டத்துக்குள்தான் இருக்கிறது. பராந்தகச் சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டுகள் அங்கே கோயில் சுவரில் இருக்கின்றன. குடவோலை முறையில் தேர்ந்தெடுத்த வாரியங்களில் ஏரி வாரியமும் ஒன்று. அதற்கு ஆறு பேர். 35 வயதுக்குக் குறையாமல், 70க்கு மேற்படாமல், வரி கட்டும் சொந்த நிலத்தோடு இருக்க வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரை ஓலையில் எழுதக் கூடாது. அவனுடைய நெருங்கிய உறவினர் பெயரையும் எழுதக் கூடாது. 2020 டிசம்பர் 10ஆம் நாள் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் இந்தக் கல்வெட்டை எடுத்துச் சொன்னார். ஊரே பெருமைப்பட்டது. குடத்தையும் ஓலையையும் நாடு அறியச் செய்துவிட்டு, கணக்குக் காட்டாதவன் என்ற வரியை மட்டும் நடைமுறைக்குக் கொண்டுவராமல் அந்தச் சுவரிலேயே பத்திரமாக விட்டுவைத்த பக்குவத்தை என்ன சொல்வது! அந்த விதி இன்றைக்கும் நடப்பில் இருந்தால், ஏரிக்கு வாரியம் அமைக்க ஆள் கிடைக்காமல் நீங்கள் அல்லவா சிரமப்பட்டிருப்பீர்கள்?

சட்டத்துக்கும் குறை வைக்கவில்லை. பாசன அமைப்புகளை விவசாயிகளே நிர்வகிக்க 2000ஆம் ஆண்டில் ஒரு சட்டம். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007இல் ஒரு சட்டம். 2017 மார்ச்சில் குடிமராமத்துத் திட்டத்தை 100 கோடி ரூபாயில் அன்றைய முதலமைச்சர் தொடங்கிவைத்தது எங்கள் மாவட்டத்து மணிமங்கலம் ஏரியில்தான். தூர் வாரியதில் எந்தெந்த ஏரியில் எத்தனை லோடு சவுடு மண் போனது என்பது கரைகளைவிட லாரிகளுக்கு நன்றாகத் தெரியும். ஏரி ஆழமானதோ இல்லையோ, சாலையோரத்து மனைப்பிரிவுகள் எல்லாம் மேடாகின.

வாயுவைப் பற்றிய உங்கள் நடுவுநிலைமையும் போற்றத்தக்கது. 2010இல் மன்னார்குடிப் பகுதியில் வயல்களுக்கடியில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க ஒப்பந்தம் போட்டபோது, மீத்தேன் நாட்டின் வளமாக இருந்தது. அதைத் தோண்ட வேண்டாம் என்று சொன்ன விவசாயி வளர்ச்சிக்குக் குறுக்கே நின்றவன். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் 2013இன் கடைசியில் உயிர் விட்டது அந்தப் போராட்டக் களத்தில் சுற்றிக்கொண்டிருந்தபோதுதான். அதைத் தடுக்க வேளாண் மண்டலப் பாதுகாப்புச் சட்டம் வர 2020 ஆயிற்று. ஆக, வயலுக்கு அடியில் இருக்கும் மீத்தேனுக்கு ஒப்பந்தக்காரரையும், வயலுக்கு மேலே வரும் மீத்தேனுக்கு விவசாயியையும் சரியாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறீர்கள். லாபத்துக்கு ஒருவர், பழிக்கு ஒருவர். இதைவிட நியாயமான பங்கீடு எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில்கூடக் கிடைக்காது.

வெளிநாட்டவர் முன்னால் எங்களை நீங்கள் விட்டுக்கொடுத்ததே இல்லை. 2030க்குள் மீத்தேனை 30 சதவீதம் குறைப்போம் என்று 2021இல் கிளாஸ்கோவில் பல நாடுகள் உறுதி எடுத்தபோது இந்தியா கையெழுத்திடவில்லை. ஏழை விவசாயியின் நெல்லும் மாடும் வயிற்றுப்பாட்டுக்கானவை என்று காரணம் சொன்னோம். சரியான காரணம். நாட்டின் பசுமை இல்ல வாயுக் கணக்கில், 2016 நிலவரப்படி, எரிசக்தித் துறையின் பங்கு 75 சதவீதம். வேளாண்மையின் பங்கு 14 சதவீதம். அந்தப் பதினான்கில் நெல் ஆறில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். இவ்வளவு மெலிந்த ஆளின் முதுகுக்குப் பின்னால் அவ்வளவு பெரிய அனல்மின் நிலையங்கள் ஒளிந்துகொள்ள முடிந்தது உங்கள் சாமர்த்தியம்.

அமெரிக்கர்களையும் இங்கே பாராட்டிவிட வேண்டும். 1990 வாக்கில் அவர்களுடைய சுற்றுச்சூழல் முகமை, இந்திய நெல் வயல்கள் ஆண்டுக்கு 3 கோடியே 78 லட்சம் டன் மீத்தேன் விடுவதாகக் கணக்குப் போட்டது. 1991இல் ஏ.பி. மித்ரா தலைமையில் தேசிய இயற்பியல் ஆய்வக விஞ்ஞானிகள் நாடு முழுவதும் வயல்களில் இறங்கி அளந்தார்கள். வந்தது சுமார் 40 லட்சம் டன். எங்கள் சேற்றில் காலே வைக்காமல் ஒன்பது மடங்கு கூடுதலாகப் பார்க்க முடிந்த தொலைநோக்கு அது. உயிர் பிழைக்க விடும் புகையையும் சொகுசுக்கு விடும் புகையையும் ஒரே தராசில் நிறுக்கலாமா என்று சுற்றுச்சூழல் ஆய்வாளர்கள் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் அதே ஆண்டில் எழுதிக் கேட்டார்கள். அந்தக் கேள்வி இன்னும் மேசைமேல்தான் இருக்கிறது.

இப்போது கார்பன் கிரெடிட் வந்திருக்கிறது. எங்கள் வயலில் குறையும் வாயுவைப் பத்திரமாக்கி, வாயு விடுகிற கம்பெனிக்கு விற்பார்கள். அவர்கள் நிம்மதியாகத் தொடர்ந்து விடலாம். விவசாயிக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. எவ்வளவு என்பது ஆங்கிலத்தில் இருக்கிறது. வெர்ரா என்ற சான்று நிறுவனம் 2024 ஆகஸ்டில் சீனாவின் 37 நெல் வயல் திட்டங்களைத் தகுதியில்லை என்று நிராகரித்தது. காகிதத்தில் இவ்வளவு சுலபமாகக் காயக்கூடிய வயல்களை, உண்மையில் காயவைக்க எதற்குக் கஷ்டப்பட வேண்டும்?

எல்லாவற்றையும்விட முழுமையான தீர்வு எங்களுக்கு அதிக தூரமில்லாத பரந்தூரில் தயாராகிறது. பல கிராமங்களில் 5,000 ஏக்கருக்கு மேல் எடுத்து விமான நிலையம். அதில் நன்செய் உண்டு, ஏரி உண்டு, கால்வாய் உண்டு. அந்த ஊர்களில் ஒன்றான ஏகனாபுரத்து மக்கள் 2022 முதல் வேண்டாம் என்று போராடுவது, மீத்தேன் பிரச்சினையின் ஆழம் புரியாததால் இருக்கலாம். ஓடுபாதையில் தண்ணீர் தேங்காது. தேங்காத இடத்தில் மீத்தேன் இல்லை. எந்தக் குழாயாலும் சாதிக்க முடியாத நூறு சதவீதக் குறைப்பு. பருவநிலை மாநாட்டுக்குப் போகிறவர்கள் அங்கிருந்தே விமானம் ஏறலாம்.

இவ்வளவு செய்தவர்களிடம் இன்னும் கேட்பது பேராசைதான். இருந்தாலும் கேட்கிறோம். நவரையிலும் சொர்ணவாரியிலும் பகலில், சொன்ன நேரத்துக்கு, சொன்ன மணி நேரம் மின்சாரம் வரட்டும். ஏரி மதகுக்கு ஒழுகாத ஷட்டரும், அதைத் திறந்து மூட ஊர் நியமித்துச் சம்பளம் கொடுக்கும் ஓர் ஆளும் இருக்கட்டும். வரத்துக் கால்வாயில் எவ்வளவு தூரம் தூர் வாரினார்கள், எவ்வளவு செலவானது என்று கிராமசபையில் தமிழில் படிக்கட்டும். களைக்கு ஆகும் கூலியையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, கார்பன் பணத்தில் எங்கள் பங்கை நடவுக்கு முன்பே சொல்லட்டும். இவை நடந்துவிட்டால் காய்ச்சலையும் பாய்ச்சலையும் நாங்கள் பார்த்துக்கொள்வோம். எங்களுக்கு அது பழக்கப்பட்ட வேலை.

அதுவரை உங்கள் குழாய்க்கு ஓர் ஆபத்தும் வராமல் காப்போம். வெயில் படாமல் வீட்டுக்குள் எடுத்துவைத்திருக்கிறோம். அடுத்த ஆய்வுக்கு நீங்கள் வருகிற தேதியை மட்டும் முன்கூட்டிச் சொல்லி அனுப்புங்கள். மாலை சூட்டி, நெய் பூசி வைக்கிறோம்.